விருத்தாசலத்தில் ஜீரோ தட்டு

நவம்பர் 5, புதன். மலேசியாவின் ஈப்போவிலிருந்து புறப்பட்டு இரவு சென்னை சேர்ந்தேன். மழை.

நவம்பர் 6, வியாழன். பேருந்தில் உளுந்தூர்ப்பேட்டை, அங்கிருந்து வேறொரு பேருந்தில் விருத்தாசலம். கொண்டுசென்றவை: உடைகள், ஒரு மடிக்கணினி, நான் எழுதிய ஒரு பத்திரம்.

நவம்பர் 7, வெள்ளி. பீங்கான் தொழிற்பேட்டையில் பொதுச் சூளையைப் பார்த்தேன். செயலியின் புதிய பதிப்பு அன்று வெளியாவதாக இருந்தது. வெளியாகவில்லை.

நவம்பர் 8, சனி. வெளியாயிற்று. சூளை ஏற்றப்பட்டது.

நவம்பர் 10, திங்கள். சூளை திறக்கப்பட்டது.

ஈப்போவில் நெடுங்காலம் வழக்கறிஞனாக இருந்து சொத்துப் பத்திரங்களும் உயில்களும் எழுதிப் பிழைத்தவன் நான். நடந்தவற்றை முதலில் வரிசைப்படுத்திவிட்டுப் பிறகு பேசுவது என் தொழில் பழக்கம். இனிப் பேசலாம்.

என் மகன் முகிலன் கோலாலம்பூரில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதிச் சம்பாதித்தான். சம்பாதிக்காத நேரத்தில் களிமண் பிசைந்தான். வீட்டின் பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சிறிய மின்சூளை ஒன்றை வைத்திருந்தான். எந்தத் தட்டில் எந்தக் கோப்பையை வைப்பது, சூடு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏற வேண்டும் என்று குறித்துக்கொள்வதற்காகக் கைப்பேசியில் இயங்கும் ஒரு செயலியையும் எழுதினான். எழுதியதை, அதன் நிரலோடு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்னும் உரிமத்துடன் இணையத்தில் வைத்தான். அந்த உரிமத்தை நான் படித்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கும் குறைவு. தேவையற்ற சொல் ஒன்றுகூட இல்லை. நான் எழுதிய எந்தப் பத்திரத்தையும்விட அது நேர்த்தியானது; அதே சமயம், தன் சொத்தை முன்பின் அறியாதவர்களுக்கு எழுதிவைப்பவனை நான் என் அலுவலகத்தில் ஒருபோதும் சந்தித்ததில்லை.

சென்ற மார்ச்சில் முகிலன் காலமானான். அவனுக்கு வயது முப்பத்தெட்டு.

அவனுடைய மின்னஞ்சல்களை முடித்துவைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வங்கி, காப்பீடு, சந்தாக்கள் எல்லாம் விரைவில் முடிந்தன. முடியாமல் நின்றது ஒன்றுதான். விருத்தாசலத்திலிருந்து ரெஜினா என்பவர் எழுதியிருந்தார். அங்குள்ள பொதுச் சூளையில் பழைய வெப்பமானி எரிந்துபோய்ப் புதியது பொருத்தப்பட்டிருக்கிறது. அதை முகிலனின் செயலியால் படிக்க முடியவில்லை. படிக்கும்படி நிரலைத் தாம் மாற்றி அனுப்பியிருக்கிறார். பார்த்து ஏற்றுக்கொள்ள முடியுமா? அடுத்த கடிதம் இன்னும் பணிவாக இருந்தது. அதற்கடுத்ததில், “வேலையா இருப்பீங்க, பரவாயில்லைங்க” என்று மட்டும் இருந்தது. அவருக்கு நான்தான் செய்தியைச் சொன்னேன்.

முகிலனோடு வேலை செய்த வெய் மிங் என்ற இளைஞர் எனக்கு விளக்கினார். செயலியின் புதிய பதிப்பைப் பழைய பயனர்களின் கைப்பேசி ஏற்க வேண்டுமானால், முதல் பதிப்பில் இட்ட அதே கையொப்பம் புதியதிலும் இருக்க வேண்டும். அந்தக் கையொப்பத்தை இடும் சாவி, அதாவது ஒரு சிறு கோப்பு, முகிலனின் மடிக்கணினியில் மட்டுமே இருக்கிறது. அதை மின்னஞ்சலில் அனுப்புவது முறையன்று. ரெஜினாவின் மாற்றத்தைச் சேர்த்துப் புதிய பதிப்பை அக்கணினியிலேயே வெய் மிங் ஆயத்தப்படுத்திக் கொடுத்தார். அங்கே போய் ஒரு கட்டளையைக் கொடுத்தால் போதும். அதன்பின் சாவியின் நகலை ரெஜினாவிடம் ஒப்படைத்துவிடலாம் என்றார். கூரியரில் அனுப்பலாமா என்று யோசித்தேன். “கூரியரிலா?” என்று கேட்டுவிட்டு என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆகவே புறப்பட்டேன்.

உளுந்தூர்ப்பேட்டையில் மாறி ஏறிய பேருந்தில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கணினிப் பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தேன். உட்கார்ந்திருந்த ஓர் அம்மையார் என்னை நிமிர்ந்து பார்த்து, “குடுங்க” என்று சொல்லி அதை வாங்கித் தம் மடியில், ஏற்கெனவே அங்கிருந்த முருங்கைக்காய்க் கட்டின்மேல் வைத்துக்கொண்டார். அது வேண்டுகோளன்று, ஏற்பாடு. சுற்றிலும் பார்த்தேன். உட்கார்ந்திருந்த எல்லோர் மடியிலும் நின்றுகொண்டிருந்தவர்களின் பைகள். ஈப்போவில் இன்னொருவர் பையைத் தொட்டால் காவலரைக் கூப்பிடுவோம்.

மங்கலம்பேட்டையில் கூட்டம் இறங்கிக் கூட்டம் ஏறியது. நான் பின்னுக்குத் தள்ளப்பட்டேன். மீண்டும் பார்த்தபோது அந்த இருக்கையில் வேறொருவர் இருந்தார். அம்மையாரும் இல்லை; பையும் இல்லை.

“என் பை! கறுப்புப் பை, அதில் கணினி இருக்கிறது” என்று என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

நடத்துநர் விசில் ஊதவில்லை, கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. “கறுப்புப் பை யாருகிட்டங்க இருக்குது?” என்று பொதுவாகக் கேட்டார்.

“இங்க இருக்குதுங்க!” கடைசி இருக்கையிலிருந்து சுரங்கத் தொழிலாளர் சீருடையில் ஒருவர் கையைத் தூக்கினார். “அந்தம்மா எறங்கறப்ப குடுத்துட்டுப் போனாங்க. வெள்ளச்சட்ட போட்ட பெரியவருது, பத்தரமா வச்சிக்கன்னாங்க.” அவர் மடியில் என் பை, பையின்மேல் அவருடைய சாப்பாட்டுத் தூக்கு.

“உள்ள என்னா பெரியவரே, தங்கமா?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“இல்லை.”

“அப்பறம் எதுக்கு மழைநாள்ல இப்புடி வேர்க்குது?”

பேருந்தே சிரித்தது. நான் பையைத் திரும்பக் கேட்கவில்லை. விருத்தாசலம் வரை அது அங்கேயே தூக்கின் கீழ் பயணம் செய்தது.

ரெஜினா பேருந்து நிலையத்தில் குடையோடு நின்றிருந்தார். நாற்பதைக் கடந்தவர். பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயம் பெற்றவர். பொதுச் சூளையின் மேற்பார்வை அவருடையது. சூளையைத் தனியாக வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு பட்டறைக்காரர்கள் பலர், ஆளுக்குக் கொஞ்சம் இடம் பிடித்து ஒரே சூளையில் தங்கள் சரக்கைச் சுட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு எந்தத் தட்டு என்பதை முகிலனின் செயலிவழியாகத்தான் முடிவு செய்கிறார்கள்.

“வணக்கம். பயணத்தில் இடையூறு ஏதும் நேரவில்லை” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “ஐயா, நீங்க நியூஸ் வாசிக்கிற மாரியே பேசறீங்க!” பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மன்னிச்சிக்குங்க. இந்த நேரத்துல…” என்று இழுத்தார்.

“சிரிக்கலாம். எங்கள் ஊரிலும் சிரிக்கிறார்கள்.”

அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து விடுதிக்குப் போனேன். மழை பெய்தபடியே இருந்தது. ஈப்போவில் மழை தினந்தோறும் மாலையில் வந்துபோகும் விருந்தாளி, யாரும் பொருட்படுத்துவதில்லை. இங்கே கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரி நிரம்புமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

இரவு உணவு பரோட்டா. நாங்கள் ரொட்டி சானாய் என்று சொல்வதன் அண்ணன். எங்கள் ஊரில் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் தருவார்கள். தொட்டுக்கொள்வது அவரவர் பொறுப்பு. இங்கே பரிமாறுபவர் பரோட்டாவைத் தம் கையாலேயே பிய்த்துப்போட்டு, சால்னாவை ஊற்றி, அது எவ்வளவு ஊற வேண்டுமென்பதையும் தாமே தீர்மானித்துவிட்டுப் போகிறார். அவர் தீர்மானம் சரியாக இருந்தது.

உண்டு முடித்ததும் நான் எழுதிவந்த பத்திரத்தை ரெஜினாவிடம் கொடுத்தேன். செயலியின் உரிமைகள் அனைத்தையும் அவருக்கு மாற்றித் தருவதாக, முகிலனின் வாரிசு என்னும் முறையில் எழுதியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு கவனமாகப் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க ஐயா. ஆனா இதுல குடுக்கறேன்னு சொல்றது பூராவும் அவரு முன்னமே குடுத்துட்டாருங்களே. எனக்கு மட்டுமில்ல. இந்தா, டீ ஆத்தறாரே, அவருக்கும் சேத்து.”

“எனக்கு என்னாக்கா குடுத்தாங்க?” என்றார் தேநீர்க்காரர்.

“போன்ல போட்டுக்கற ஆப்புங்க.”

“டீ ஆத்துமா?”

“ஆத்தாது.”

“அப்ப நீங்களே வச்சிக்குங்க.”

என் மனத்தில் நெடுநாள் இருந்த கேள்வியைக் கேட்டேன். உரிமம் அனுமதிக்கிறதே; நிரலை நகலெடுத்து, வேறு பெயரில், தம் கையொப்பத்திலேயே அவர் வெளியிட்டிருக்கலாமே?

“போட்டிருக்கலாங்க. ஆனா எல்லார் போன்லயும் இருக்கற பழைய சூளைக் கணக்கு புதுசுக்கு வராது. அது ஒன்னு.” தேநீர்க் குவளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அவரு பதில் போடுவாருன்னு இருந்தேன். எப்பவும் லேட்டாத்தான் போடுவாரு. ஆனா போட்டுருவாரு.”

அந்தப் பத்திரத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தொழிற்பேட்டைக்குப் போனோம். சூளைக் கொட்டகைக்குத் தகரக்கூரை. சூளை ஒரு சிறிய அறையளவு இருந்தது. அதன் கதவைத் திறந்து, சக்கரம் வைத்த மேடை ஒன்றை வெளியே இழுத்திருந்தார்கள். அதை வண்டி என்கிறார்கள். வண்டியின்மேல் ஐந்து தட்டுகள். கார்த்திகைத் தீபத்துக்கான பீங்கான் அகல் விளக்குகள் கூடை கூடையாகத் தரையில் காத்திருந்தன. பூச்சு காய்ந்து வெள்ளையாக இருந்தன. சுட்ட பிறகுதான் நிறம் வரும் என்றார் ரெஜினா.

சரக்கை அடுக்குபவர் தங்கவேல், ஐம்பது வயதுக்காரர். வண்டியின் பக்கத்தில் நின்று அவரை விரட்டிக்கொண்டிருந்தவர் மங்கலம்பேட்டை பஷீர் பாய். ஃப்யூஸ் கட்டைகள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். தங்கவேல் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு தயங்கியதும் பாய் கத்தினார்:

“ஜீரோவுல ரெண்டு வரிசை காலியாக் கெடக்குது பாரு! ஜீரோவுல வையி!”

நான் நின்றுவிட்டேன். அடித்தட்டில்தான் தங்கவேல் விளக்குகளை வைத்தார். நிரல் எழுதுவோர் ஒன்றிலிருந்து எண்ணுவதில்லை, பூஜ்ஜியத்திலிருந்தே எண்ணுவார்கள் என்று முகிலன் எனக்கு ஒருமுறை விளக்கியிருந்தான். வீட்டு எண்ணையும் அப்படி வைத்தால் அஞ்சல்காரன் என்ன செய்வான் என்று அன்று நான் கேட்டேன். அந்த எண்ணிக்கை இங்கே, நான் முன்பின் அறியாத ஒருவர் வாயில், கத்தலாக வந்தது.

“அதை ஏன் பூஜ்ஜியம் என்கிறீர்கள்?” என்று பாயிடம் கேட்டேன்.

“அதுவா சார்?” அவர் உற்சாகமானார். “மொத மொதல்ல இந்த ஆப்பு வந்தப்ப ஜீரோ, ஒன்னு, ரெண்டு, மூணு, நாலுன்னு காட்டுச்சி. ஜீரோன்னா ஒன்னுமில்லன்னுதான சார் அர்த்தம்? அடித்தட்டுல ஒன்னும் வைக்கக்கூடாது போலருக்குதுன்னு காலியா வுட்டு வுட்டுச் சூளை எரிச்சோம். கேஸு வேஸ்ட்டு, எடம் வேஸ்ட்டு. அப்பறம் ஒருநாளு ரெஜினாம்மா வந்து கத்துச்சி பாருங்க!”

“நீங்கதான பாய் சொன்னீங்க, மலேசியாக்காரன் சும்மா சொல்லமாட்டான், காத்தோட்டத்துக்குன்னு!” என்றார் ரெஜினா.

“சொன்னேன். தப்பா? காத்தோட்டமாத்தான இருந்துச்சி?”

இப்போது அடித்தட்டுக்கு அதுதான் பெயர். கீழே சூடு சற்றுக் குறைவு; குறைந்த சூட்டில் உருகும் பூச்சுள்ள விளக்குகளுக்கு ஏற்ற இடம். மற்றவர்கள் அதை விரும்புவதில்லை. எனவே தாமதமாகப் பதிவு செய்பவர்களுக்கே அது மிஞ்சும். அதனால் தொழிற்பேட்டையில் எதற்கும் தாமதமாக வருபவர் ஜீரோ. “என் மச்சான் துபாய்லேருந்து என் பொண்ணு கல்யாணத்துக்கு மறுநாள் வந்து எறங்குனான் சார். இன்னிவரைக்கும் அவன் பேரு ஜீரோ மச்சான்” என்றார் பாய். “போன்லயே அப்படித்தான் வச்சிருக்கேன்.” காட்டினார். உண்மை.

சிரித்துக்கொண்டே கணினியை மேசைமேல் வைத்தபோதுதான் நினைவு வந்தது. புதிய பதிப்பில் என்னென்ன மாற்றங்கள் என்று வெய் மிங் சுருக்கமாக எழுதியிருந்தார். புதிய வெப்பமானியைப் படிக்கும். எழுத்து பெரிதாகத் தெரியும். மூன்றாவது: தட்டு எண் இனி ஒன்றில் தொடங்கும், நீண்டநாள் பிழை சரிசெய்யப்பட்டது.

ரெஜினாவிடம் சொன்னேன். அவர் கணினியைத் திறந்து மாற்றங்களைத் தேடிப் படித்தார்.

“இது நான் எழுதுனது இல்லீங்க” என்றார். “இது இப்படியே வெளிய போச்சுன்னா…” என்று நிறுத்திவிட்டுத் தங்கவேலைப் பார்த்தார்.

எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நாளில் புதிய பதிப்புக்கு மாறப்போவதில்லை. பாதிப் பேர் இன்று மாறுவார்கள், பாதிப் பேர் பொங்கலுக்கு மாறுவார்கள் என்றார் பாய். அதுவரை ஒருவருடைய ஒன்று இன்னொருவருக்கு இரண்டு.

“வெளக்கு மேல போயிட்டா பூச்சு உருகி ஓடி, தட்டோட ஒட்டிக்கும். ஒடச்சித்தான் எடுக்கணும்” என்றார் தங்கவேல். “பாய் கட்ட கீழ வந்துட்டா வேகாது. வேகாத கட்ட தண்ணி குடிக்கும். அதப் போயி ஒரு வூட்ல மாட்டி கரண்டு வுட்டா…” அவரும் வாக்கியத்தை முடிக்கவில்லை.

புதிய பதிப்பை ஒத்திப்போடவும் இயலாது. புதிய வெப்பமானியைச் செயலியால் படிக்க முடியாததால், ஒவ்வொரு சூளைக்கும் ரெஜினாதான் பக்கத்தில் உட்கார்ந்து சூட்டைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். கார்த்திகைக்கான விளக்குகள் அடுத்தடுத்து ஏறவிருந்தன. சனிக்கிழமை ஏற்றுவது அவற்றில் முதலாவது.

வெய் மிங்கை அழைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்த மாற்றத்தை நீக்குவது எளிது, தொலைபேசியிலேயே ரெஜினாவுக்குச் சொல்லித்தர முடியும் என்றார். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். “அதைப் பிழை என்று நான் சொல்லவில்லை, அங்கிள். முகிலனே சொன்னான். செயலியின் பிழைப் பட்டியலைப் பாருங்கள். முதல் பதிவு அவனுடையது. அவன் செய்ய நினைத்ததைத்தான் நான் செய்தேன். முடிவு உங்களுடையது.”

பட்டியலை ரெஜினா திறந்து காட்டினார். முதல் பதிவு பல ஆண்டுகளுக்கு முந்தையது, ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் இவ்வாறு வரும்: “தட்டு எண் ஒன்றில் தொடங்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது. சரிசெய்.” அதன் கீழ் அவனே தனக்கு எழுதிக்கொண்ட பதில்: “அடுத்த வார இறுதியில்.” சில மாதங்கள் கழித்து மறுபடியும்: “அடுத்த வார இறுதியில்.” அதன் கீழே எதுவுமில்லை.

“சார்,” என்றார் பாய் மெல்ல, “புள்ள தப்புன்னு எழுதியிருக்கலாம். நாங்க அத வச்சித்தான் சோறு திங்கறோம்.”

நாளை சொல்கிறேன் என்று கூறிவிட்டு விடுதிக்கு வந்தேன்.

நான் எழுதிய உயில்களில் பல, நீதிமன்றம் வரை போயின. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கத்தில்தான் நின்றேன்: இறந்தவர் எழுதியதே செல்லும். இருப்பவர்கள் எத்தனை நியாயமான காரணம் சொன்னாலும், எழுதியவர் திரும்பி வந்து தம் கருத்தை விளக்க முடியாதாகையால், எழுத்துக்குக் கட்டுப்படுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. இவ்வாதத்தில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் உயில் எழுதுபவர் தம் சொத்தைத் தாமே வைத்திருக்கிறார். அவர் போன பிறகே அது கைமாறுகிறது. முகிலன் உயிரோடிருக்கும்போதே கொடுத்துவிட்டான். பெற்றவர்கள் அதில் குடியேறிவிட்டார்கள். குடியிருக்கும் வீட்டின் அடித்தளத்தை, கொடுத்தவனின் குறிப்பொன்றைக் காட்டிப் பெயர்க்கலாமா என்பது கேள்வி. நான் நடத்திய எந்த வழக்கிலும் இதற்கு விடை இல்லை.

மாலையில் மனைவியை அழைத்து இருபக்க வாதங்களையும் வரிசையாகச் சொன்னேன்.

“அவன் செய்ய வேண்டுமென்று எழுதிவைத்த வேலை, இல்லையா?” என்றாள். “அதையாவது செய்துவிடுங்கள்.”

சரி என்றேன். பிறகு, பேச்சு அப்படியே முடிந்துவிடக் கூடாதென்று, அடித்தட்டைக் காலியாக விட்டதையும் காத்தோட்டத்தையும் சொன்னேன். துபாயிலிருந்து மறுநாள் வந்திறங்கிய மச்சானையும் அவர் பெயரையும் சொன்னேன். மறுமுனையில் ஓர் ஒலி கேட்டது. இணைப்பில் கோளாறு என்று நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு அதை நான் கேட்டிருக்கவில்லை.

“ஜீரோ மச்சானா?” என்று கேட்டு மீண்டும் சிரித்தாள். பிறகு, “அப்படியே இருக்கட்டும்” என்றாள்.

அதற்கு முன்பே நான் முடிவு செய்திருந்தேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும், உண்மையாக இராது.

சனிக்கிழமை காலை இட்லியும் வடகறியும் உண்டு கொட்டகைக்குப் போனேன். வெய் மிங் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, ரெஜினா அந்த ஒரு மாற்றத்தை மட்டும் விலக்கினார். பிழைப் பட்டியலின் முதல் பதிவையும் முடித்துவைக்க வேண்டும். இல்லையேல் நாளை வேறொருவர் நல்லெண்ணத்தோடு அதையே திரும்பச் செய்வார்.

“நீங்களே போட்டுருங்க ஐயா. கம்ப்யூட்டர்ல பட்டியலு அவரு கணக்குலதான் தொறந்திருக்குது” என்றார்.

அது இயலாது என்றேன். இறந்தவர் பெயரில் ஒரு சொல்லும் எழுதக் கூடாது. அவ்வாறு எழுதியவர்களுக்கு எதிராக வாதாடியிருக்கிறேன். ஆகவே எனக்கெனத் தனிக் கணக்கு ஒன்று தொடங்கப்பட்டது. முகிலனின் கணக்கில் நான் செய்த ஒரே செயல், ரெஜினாவையும் என்னையும் செயலியின் பொறுப்பாளர்களாகச் சேர்த்தது. பிறகு அதை மூடினேன். என் பெயரில் நுழைந்து, அவனுடைய கடைசிப் பதிலுக்குக் கீழே, பின்வருமாறு தமிழில் எழுதினேன்:

“இதைப் பதிந்தவர் காலமாகிவிட்டார். நான் அவருடைய தந்தை. விருத்தாசலத்தில் இச்செயலியைப் பயன்படுத்துவோர் அடித்தட்டைப் பூஜ்ஜியம் என்றே அழைக்கின்றனர். அவ்வெண்ணை நம்பியே சூளை ஏற்றுகின்றனர். ஆகவே இம்மாற்றம் செய்யப்படாது.”

பதிவை மூடும் பொத்தான் கீழே இருந்தது. அழுத்தினேன். பச்சையாக இருந்த குறி சாம்பல் நிறமாயிற்று.

“பேருக்குப் பக்கத்துல வெறும் வட்டந்தான் வருது சார். ஒரு போட்டோ போடுங்க” என்றார் தோளுக்குப் பின்னால் நின்ற பாய்.

பிறகு கையொப்பமிடும் கட்டளையை ரெஜினா தட்டச்சு செய்தார். திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. வெய் மிங் சொல்லியிருந்தபடி சாவியின் நகலையும் அவரிடம் ஒப்படைத்தேன். புதிய பதிப்பை அவர் வாட்ஸாப் குழுவில் போட்டார். தங்கவேலின் சட்டைப் பையில் முதலில் மணியடித்தது, அடுத்துப் பாயிடம், பிறகு பக்கத்துப் பட்டறைகளிலிருந்து மழையினூடே ஒவ்வொன்றாகக் கேட்டது. தங்கவேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை விரலால் தள்ளிப் பார்த்தார்.

“ஜீரோ இருக்குதா?” என்றார் பாய்.

“இருக்குது மொதலாளி. சூடும் காட்டுது. எழுத்து பெருசாத் தெரியுது.”

“அப்ப வையேன்யா! பாத்துக்கினு நிக்கற?”

வண்டியை உள்ளே தள்ளினார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன். அது வண்டிக்குத் தேவைப்பட்டதாகத் தோன்றவில்லை. அன்று இரவு ரெஜினா வீட்டிலேயே தூங்கினார். சூட்டைத் தலையணையருகிலிருந்த கைப்பேசி பார்த்துக்கொண்டது. ஞாயிறன்று மாதா கோயிலுக்குப் போய் முதல் பூசை கண்டுவிட்டு வந்தவர், எச்சரிக்கை மணி அடித்தும் விழிக்காமல் இருந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடுவில் எழுந்து எழுந்து பார்த்ததாகவும், அதனால் தூங்கவேயில்லை என்றும் சொன்னார்.

திங்கள் மாலை சூளையைத் திறந்தார்கள். உள்ளிருந்து வந்த காற்று முகத்தில் வெதுவெதுப்பாக மோதியது. வெள்ளையாக உள்ளே போன விளக்குகள் தேன் நிறத்திலும் பச்சையிலும் வெளியே வந்திருந்தன. மழை ஈரம் காயாமல் ஏற்றிய ஒரு வரிசையில் சில வெடித்திருந்தன. அதற்காகத் தங்கவேலைப் பாயும், வானத்தைத் தங்கவேலும் திட்டினார்கள். பாய் மேல்தட்டிலிருந்து ஒரு ஃப்யூஸ் கட்டையை எடுத்து இன்னொன்றால் தட்டினார். மணிபோல் ஒலித்தது. “வெந்துருச்சி” என்று கூறி அதை என் கையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது. கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பிறகு இக்கட்டுரையை எழுதும் இன்று, செயலியின் பட்டியலில் முடியாமல் கிடப்பவை:

– தகரக்கூரையில் மழை பெய்யும்போது எச்சரிக்கை மணி கேட்பதில்லை. பொறுப்பு: ரெஜினா.

– ஒரே இடத்தை இருவர் ஒரே நேரத்தில் கேட்டால் இருவருக்கும் ‘சரி’ என்கிறது. பொறுப்பு: வெய் மிங். இதைத் திருத்த வேண்டாம் என்கிறார் பஷீர் பாய். காரணம் கூற மறுக்கிறார்.

– ஈரச் சரக்கை ஏற்றுவதற்கு முன் நினைவூட்டல். கேட்டவர்: தங்கவேல். பொறுப்பு: யாருமில்லை.

– அடித்தட்டு ஏன் பூஜ்ஜியம் என்று புதியவர்களுக்கு விளக்கும் ஒரு பத்தி, தமிழில். பொறுப்பு: நான். இருமுறை எழுதி அனுப்பினேன். சட்டநடை மிகுதி, யாருக்கும் புரியாது என்று ரெஜினா இருமுறையும் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.